தையலுக்குள் போன பதில்

"கையில இருக்கிறதைக் கீழ வைங்க! வைங்கன்னா வைங்க!"

புத்தகம் தைக்கும் பைண்டர் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே இரண்டு கைகளையும் தூக்கினார். மணி பத்து இருபத்தாறு. பத்தரைக்கு மூன்றாவது மாடியில், ஏழாம் நம்பர் அறையில் வழக்கைக் கூப்பிடுவார்கள். லிஃப்ட் நீதிபதிகளுக்கு மட்டும். ஐம்பத்தெட்டு வயது முழங்கால்களுக்கு மூன்று மாடி ஏற நாலு நிமிடம் போதாது.

வாசல் காவலர் பையைக் கவிழ்த்தார். குத்தூசி ஒன்று, வளைந்த ஊசி இரண்டு, மடக்குக் கத்தி ஒன்று, மெழுகு தேய்த்த நூல் கண்டு ஒன்று, பசைக் குப்பி ஒன்று, காகிதப் பட்டைச் சுருள் ஒன்று.

"இத்தனை ஆயுதத்தோட கோர்ட்டுக்கு வந்திருக்கீங்க?"

"கோர்ட்டுதான்யா கொண்டு வரச் சொல்லுச்சு." பைண்டர் உத்தரவு நகலை நீட்டினார்.

காவலர் அதை நிதானமாகப் படித்தார். "'தகுந்த கருவிகளுடன் ஆஜராக வேண்டும்'. சரி, கருவின்னு போட்டிருக்கு. இது கருவிதான்னு எங்க போட்டிருக்கு?"

பின்னால் சாப்பாட்டு டப்பாவோடு நின்ற பைண்டரின் மனைவி முன்னால் வந்தாள்.

"தம்பி, முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊசியை வச்சு இவர் புத்தகத்தைத்தான் குத்தியிருக்கார். மனுஷனைக் குத்தத் தெரிஞ்சிருந்தா எங்க குடும்பம் எப்பவோ முன்னுக்கு வந்திருக்கும்."

"நீங்க இவர் பக்கமாம்மா?"

"இல்லை. எதிர்ப்பக்கம்."

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்க்கட்சியே சாட்சி சொன்ன பிறகு சட்டத்துக்கு வேறு என்ன வேண்டும்? பையைத் திருப்பிக் கொடுத்தார்.

கணவனும் மனைவியும் ஒன்றாகப் படியேறினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் நம்பர் அறை வாசல் வந்ததும் விட்டாள். அவர் இடது பக்க பெஞ்சுக்குப் போனார். அவள் வலது பக்கம் போனாள்.

*

இந்தப் பிரிவினையின் கதை இது.

பைண்டரின் வீடும் பட்டறையும் ஒன்றுதான். கீழே காகிதம் வெட்டும் மெஷின். மாடியில் மடிக்கிற, தைக்கிற அறை. மாடியில் வேலை செய்தவள் அவருடைய தங்கை மகள், இருபத்தாறு வயது. தைத்த புத்தகங்களைக் கடைகளில் கொண்டுபோய்ப் போடுகிறவன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் ஒரே தம்பி. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மதியம், மனைவி வெளியூரில் இருந்தாள், பைண்டர் கீழே மெஷினில் இருந்தார். மச்சினன் மாடிக்குப் போனான், கதவைத் தாழிட்டான்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் தனியாக நடந்துபோய் போலீசில் எழுதிக் கொடுத்தாள். கீழ்க் கோர்ட்டு அவளை நம்பியது. பலாத்காரக் குற்றத்துக்குப் பத்து வருடம். மச்சினன் ஜெயிலுக்குப் போனான். அங்கிருந்து மேல்முறையீடு செய்தான்.

பைண்டர் தன் மருமகளான அந்தப் பெண் பக்கம், மனைவி தம்பி பக்கம். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே டப்பாவில் இரண்டு பேருக்கும் சாப்பாடு. இடைவேளையில் இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே தூணோரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "உங்க வக்கீல் இன்னைக்கு நல்லாவே பேசலையே?" என்று அவள் நிஜமான அக்கறையோடு கேட்பாள். "உங்காளுக்கும் தொண்டை கட்டியிருக்கு" என்பார் அவர்.

மனைவிக்கு ஒரே ஒரு வாதம்தான். நாலு வருடமாக அதையே சொல்கிறாள்.

"ஒரு தாளை உதறினா அந்தச் சத்தத்தை வச்சே அது என்ன கனம்னு சொல்லுவீங்க. அந்தக் காதுதானே கீழ இருந்துச்சு? அவ கூப்பிட்டிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்காதா?"

"மெஷின் ஓடிச்சு" என்பார் பைண்டர். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

கீழ்க் கோர்ட்டில் அவரும் சாட்சிக் கூண்டில் ஏறியவர்தான். அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. "சம்பவ நேரத்தில் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா?"

"ஓடிச்சுங்க. ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். இறங்கலாம்."

இறங்கினார். அந்த "ஆனா" மட்டும் இறங்கவில்லை. தொண்டையிலேயே நின்றுவிட்டது.

*

மேல்முறையீட்டின் முதல் நாள், மச்சினனின் புது வக்கீல் எழுந்தார். அவர் குரல் வராந்தாவில் தூங்குகிறவர்களைக்கூட எழுப்பும் என்பதால் கோர்ட்டில் எல்லாரும் அவரைக் கணீர் என்றே கூப்பிட்டார்கள்.

"கனம் நீதிபதி அவர்களே! வழக்குக் கட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்! கடைசிக் கேள்வி! 'அந்த நேரத்தில் நீங்கள் யாரையாவது கூப்பிட்டீர்களா?' இதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் என்ன?" ஒரு கணம் நிறுத்தினார். "ஒன்றுமில்லை! கேள்வியோடு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தில் டாக்டர் சாட்சி. நடுவில் வெற்றிடம்! தூய வெற்றிடம்!"

மேடையில் இரண்டு நீதிபதிகள். மூத்தவர் பேசுவார். இளையவர் ஆமோதிப்பார்.

"மௌனம் ஆழமான விஷயம்" என்றார் மூத்தவர். "இந்த நீதிமன்றமே பல வழக்குகளில் பல வருடங்கள் மௌனமாக இருந்திருக்கிறது. அதற்கு யாரும் உள்நோக்கம் கற்பித்ததில்லை. ஆனால் ஒரு சாட்சி அப்படி இருக்கலாமா?"

"இருக்கலாமா?" என்றார் இளையவர்.

"கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு என்ன சொல்கிறது?"

அரசு வக்கீலம்மா எழுந்தாள். அந்த வாரம்தான் கட்டை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். "'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசிப் பதிலைப் படித்த பிறகு இந்தக் கோர்ட்டுக்கு வேறு எந்தச் சந்தேகமும் இல்லை' என்று இருக்கிறது, ஐயா."

"அந்தப் பதில் என்ன என்று இருக்கிறதா?"

"இல்லை, ஐயா. காகிதச் சிக்கனச் சுற்றறிக்கைப்படி, கட்டில் ஏற்கெனவே உள்ளதைத் தீர்ப்பில் மறுபடி எழுதக் கூடாது."

"நல்ல சுற்றறிக்கை" என்றார் மூத்தவர். "வாய்தா."

இடைவேளையில் பைண்டர் அரசு வக்கீலம்மாவிடம் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இடது ஓரம் முழுக்க, தையலை ஒட்டி, கறுப்பு நிழல். அந்த நிழலின் விளிம்பில் சின்னச் சின்னதாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"இது என்னம்மா?"

"அழுக்கு."

"அழுக்குக்குக் கொம்பும் சுழியும் இருக்காதும்மா. இது எழுத்தோட நுனி. யாரோ ஓரத்துல நெட்டுக்குத்தா எழுதியிருக்காங்க. அதைச் சேத்து வச்சுத் தைச்சுட்டாங்க."

முப்பத்தைந்து வருடத் தொழில் பேசியது. நடந்தது இதுதான். காகிதச் சிக்கனச் சுற்றறிக்கைப்படி ஒரே ஒரு பதிலுக்காகப் புதுத் தாள் எடுக்கக் கூடாது. பக்கம் முடிந்துவிட்டதால், சாட்சியம் எழுதியவர் கடைசிப் பதிலை இடது ஓரத்தில், கீழிருந்து மேலாக, பேனாவால் எழுதினார். இன்னொரு சுற்றறிக்கைப்படி, யாரும் தாளை உருவாமல் இருக்க, கட்டுகளை மூன்று விரல் உள்ளே தள்ளித்தான் தைக்க வேண்டும். இரண்டு சுற்றறிக்கைகளும் சந்தித்துக்கொண்ட இடத்தில் ஒரு பெண்ணின் பதில் நசுங்கிக் கிடந்தது.

அந்தப் பதிலைக் காதால் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. சாட்சியம் மூடிய அறையில் நடந்தது. உள்ளே இருந்த நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி தன் தீர்ப்பைப் பற்றிப் பேசக் கூடாது. அன்றைய அரசு வக்கீல் மாறுதலாகிப் போய்விட்டார். மாறுதலானவர் பழைய கட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பழைய எதிர்வக்கீலுக்கு வாய் இருந்தது; கட்சிக்காரருக்கு எதிராக அது திறக்காது. எழுதியவரையே பைண்டர் தேடிப்போய்க் கேட்டார்.

"ஒரு நாளைக்கு இருநூறு பதில் எழுதறேன்" என்றார் அவர். "ஒண்ணைக்கூட ஞாபகம் வச்சுக்கறதில்லை. வச்சுக்கிட்டா வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது."

மச்சினனும் அந்த அறையில் இருந்தான். ஜெயிலில் பார்க்கப் போன அக்காவிடம் அவன் சத்தியம் செய்திருந்தான். "அந்தக் கேள்விக்கு அவ வாயே திறக்கலக்கா. பேன்னு நின்னா."

மிச்சம் இருப்பவள் அந்தப் பெண்தான். இப்போது வேறு ஊரில், ஓர் அச்சகத்தில் வேலை. பைண்டர் போன் செய்தார்.

"நீயே ஒரு தடவை வந்து சொல்லிட முடியுமாம்மா?"

"மேல் கோர்ட்டுல சாட்சியைக் கேக்க மாட்டாங்களாம் மாமா. காகிதத்தைத்தான் கேப்பாங்களாம். வக்கீலம்மா சொன்னாங்க. கேட்டாலும் நான் வரல. ஒரு தடவை சொல்லிட்டேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க. பத்திரமா வச்சுக்கறது அவங்க வேலை."

"என்ன சொன்னேம்மா?" என்று கேட்க பைண்டர் வாயெடுத்தார். கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

*

ஆவணப் பிரிவு தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அதன் அதிகாரி எந்தக் கட்டு வந்தாலும் ஓரத்தில் மூன்று விரலை வைத்து அளந்த பிறகே வாங்குவார். அதனால் அவர் மூணுவிரல்.

"தையலைப் பிரிக்கணுமா?" மூணுவிரல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பெரியவரே, தைக்கறதுக்கு இருபத்தாறு விதி இருக்கு. பிரிக்கறதுக்கு ஒண்ணுகூட இல்லை. ஏன் தெரியுமா? இத்தனை வருஷத்துல ஒருத்தராவது திறந்து பாக்கணும்னு கேட்டதில்லை!"

"நான் கேக்கறேனே."

"அப்ப மனு போடுங்க."

மனு போட்டார். மனுவை என்ன செய்வது என்று மூணுவிரல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வழக்கு தொடர்பான எந்தக் காகிதமும் அந்த வழக்கின் கட்டிலேயே தைக்கப்பட வேண்டும். தைத்தார்கள். பழைய துளைகளிலேயே, இன்னும் இறுக்கி.

பதினைந்து நாள் கழித்துப் பைண்டர் வந்தார். "என் மனு என்னாச்சுங்க?"

"கட்டுல இருக்கு."

"படிச்சாங்களா?"

"எப்படிப் படிப்பாங்க? தைச்சிருக்கே."

முதல் மனுவைப் பிரித்துப் படிக்கக் கோரி இரண்டாவது மனு போட்டார். அதையும் தைத்தார்கள். மூன்றாவது மனுவோடு கட்டு ஒரு தலையணை அளவுக்கு உப்பி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இன்னும் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் போனது. தான் போடுகிற ஒவ்வொரு மனுவும் மருமகளின் பதிலை இன்னும் உள்ளே தள்ளுகிறது என்று புரிந்த நாள், பைண்டர் மனு போடுவதை நிறுத்தினார். நேரே அரசு வக்கீலம்மாவிடம் போய், "வாயால சொல்லுங்கம்மா, எழுதிக் குடுத்துடாதீங்க" என்று கும்பிட்டார்.

அவள் அடுத்த வாய்தாவில் வாயால் சொன்னாள்.

மூத்த நீதிபதி யோசித்தார். "தையலைப் பிரிப்பது கடைசி வழி. அதற்கு முன் நீதிமன்றம் வேறு வழிகளை ஆராயும். இடுக்கில் பார்க்கும் நிபுணர் யாராவது உண்டா?"

இடுக்கில் பார்க்கிறவர் என்று அலுவலகம் தேடிப் பிடித்து அனுப்பியவர் ஒரு பல் டாக்டர். அவர் நெற்றி விளக்கும் சின்னக் கண்ணாடியுமாக மேடைக்கு வந்தார். ஓர் உதவியாளர் கட்டை முடிந்தவரை விரித்துப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் திறங்க... இன்னும் கொஞ்சம்..." என்று கட்டைப் பார்த்தே பேசினார் டாக்டர். பிறகு நிமிர்ந்தார். "உள்ளே ஏதோ இருக்கு. ரெண்டு எழுத்து தெரியுது. ஒண்ணு 'கூ'. இன்னொண்ணு சொத்தை."

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் மூத்தவர்.

"ஆட்சேபிக்கிறேன்!" கணீர் மேசையில் தட்டினார். "'கூ' என்றால் கூப்பிட்டேன் என்றும் இருக்கலாம், கூப்பிடவில்லை என்றும் இருக்கலாம்! கூச்சம் என்றுகூட இருக்கலாம்!"

"இருக்கலாம்" என்றார் இளையவர்.

அடுத்து தையல் ஆய்வுக் குழு ஒன்று போடப்பட்டது. மூன்று உறுப்பினர்கள் கட்டைச் சுற்றி வந்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், நூலைச் சுண்டிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. 'தையல் மிகவும் திருப்திகரமாக உள்ளது. இதைத் தைத்தவரைப் பாராட்ட வேண்டும்.' பாராட்டினார்கள். மூணுவிரலுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதையும் கட்டிலேயே தைத்துவிடப் போனவரை நல்லவேளையாக யாரோ தடுத்தார்கள்.

கடைசியில், வேறு வழியே இல்லை என்று தீர்ந்த பிறகு, உத்தரவு பிறந்தது. தகுதியுள்ள ஒருவர், இரு தரப்பும் பார்க்க, திறந்த அறையில் தையலைப் பிரிக்கலாம். பிரித்த கட்டு கால் மணிக்கு மேல் பிரிந்திருக்கக் கூடாது. விண்ணப்பங்கள் வரவேற்கப்பட்டன.

ஊரில் கையால் புத்தகம் தைக்கிறவர் ஒருவர்தான். ஒரு விண்ணப்பம்தான் வந்தது. அதில் 'வழக்கோடு உறவு உண்டா?' என்ற கட்டத்தில் பைண்டர் உண்மையாக, 'உண்டு. பெண்ணுக்குத் தாய்மாமன். தண்டனை பெற்றவருக்கு அக்கா கணவன்' என்று எழுதியிருந்தார்.

மூத்த நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. "இரு தரப்புக்கும் சமமான உறவு! இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்? உறவே இல்லாதவனுக்குக்கூட ஒரு பக்கம் சாய்வு வரலாம். இவர் இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டு நேராக நிற்பார்."

"நேராக" என்றார் இளையவர்.

கணீர் தயங்கினார். பின்னால் திரும்பி, வலது பெஞ்சில் இருந்த பைண்டர் மனைவியின் அருகே குனிந்தார். அந்தக் குரலுக்கு ரகசியம் பேச வராது. அறைக்கே கேட்டது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் ஏதாவது தில்லுமுல்லு பண்ணிடுவாரா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன சார் பேசறீங்க? அவர் என் தம்பிக்கு எதிரா நிக்கறார், அது வேற. இருக்கறதை இல்லைன்னு சொல்ல மாட்டார்."

இடது பெஞ்சில் பைண்டர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் நம்பிக்கை ஊசியைவிடக் கூர்மையாக இருந்தது. அந்த ஓரத்து வரியில் என்ன இருக்கும் என்று அவருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதிக்குத்தான் பயந்தார்.

*

"பைண்டர்! பைண்டர்! பைண்டர்!"

மூன்று முறை கூப்பிட்டார்கள். காவலரைத் தாண்டி, மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பையோடு மேடைக்கு முன்னால் போனார். மூணுவிரல் கட்டை ஒரு குழந்தையைப் போல ஏந்திவந்து மேசையில் வைத்தார்.

"கவனமா! நூல் அரசாங்கச் சொத்து."

"அறுக்க மாட்டேங்க. முடிச்சை அவிழ்ப்பேன்."

குத்தூசியின் முனையை முடிச்சுக்குள் செலுத்தினார். மூணுவிரல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் துளையிலிருந்து நூல் 'சுர்ர்' என்று வந்தது. இரண்டாவது. மூன்றாவது. இத்தனை நாள் நெரிபட்டுக் கிடந்த கட்டு மெல்ல மூச்சுவிட்டு அகலமாயிற்று. சாட்சியங்கள், மனுக்கள், மனுக்களின் மேல் மனுக்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்து, ஓரத்தின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

நீல மையில், கீழிருந்து மேலாக, நெருக்கி எழுதிய நாலு சின்ன வரிகள்.

"எழுத்து இருக்கிறது!" என்றார் மூத்த நீதிபதி. "இங்கே கொடுங்கள்." வாங்கிப் பார்த்தார். எழுத்துகள் பக்கவாட்டில் நின்றன. நீதிபதி தலையைச் சாய்க்கப் போனார், பாதியில் நிறுத்தினார். "நீதிமன்றம் தலை சாய்த்துப் படிப்பது முறையாகுமா? சாய்ந்தது என்று நாளைக்கு எழுதிவிடுவார்கள்."

"தாளைத் திருப்பிப் பார்க்கலாமே, ஐயா?" என்றாள் அரசு வக்கீலம்மா.

"ஆவணம் நேராக வைக்கப்பட வேண்டும் என்பது விதி, அம்மா." மூத்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நடுநிலையாளர் உரக்கப் படிக்கட்டும். அவர் எப்படி வேண்டுமானாலும் சாயலாம்."

பைண்டர் தலையைச் சாய்த்தார். நாலு வரியையும் கண்ணால் ஒரு முறை ஓட்டினார்.

வலது பெஞ்சில் மனைவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிமிடம் அவர் என்ன படித்தாலும் அதுதான் பதில். கால் மணியில் மறுபடி தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் அதைத் திறக்கப் போவதில்லை.

"'கூப்பிட்டேன்'" என்று படித்தார். "'மா...'"

"போதும்!" மூத்தவர் கையை உயர்த்தினார். "கேள்வி, யாரையாவது கூப்பிட்டீர்களா. பதில், கூப்பிட்டேன். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதிகப்படியான பதிலை நீதிமன்றம் ஊக்குவிப்பதில்லை."

"ஐயா, இன்னும் மூணு வரி இருக்கு. நான் அதை..."

"உட்காருங்கள். இங்கே சாட்சி எடுப்பதில்லை."

கணீர் எழுந்தார். வாயைத் திறந்தார். அவருடைய தூய வெற்றிடத்தில் திடீரென்று ஆள் குடியேறிவிட்டது. மூடிக்கொண்டார். அந்த அறையில் அவர் வாயிலிருந்து சத்தம் வராத முதல் சந்தர்ப்பம் அதுதான்.

நீதிபதிகள் குனிந்து பேசிக்கொண்டார்கள். மூத்தவர் அப்போதே தீர்ப்பைச் சொல்லச் சொல்ல, தட்டச்சு ஓடியது. தையலின் வரலாறு பற்றி ஒன்பது பத்தி. மூணுவிரலின் கடமையுணர்வு பற்றி இரண்டு பத்தி. பல் மருத்துவத் துறைக்கு நன்றி ஒரு பத்தி. "இனி எந்தப் பதிலும் ஓரத்தில் எழுதப்படக் கூடாது. பக்கத்தில் இடம் போதாவிட்டால், சாட்சிகள் இடத்துக்கு ஏற்றபடி சுருக்கமாகப் பதில் சொல்ல அறிவுறுத்தப்பட வேண்டும்." எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போனபோது இளையவர் மூத்தவரின் காதில் ஏதோ சொன்னார். அன்று அவர் சுயமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"ஓ, ஆமாம்" என்றார் மூத்தவர். "மேல்முறையீடு தள்ளுபடி. பத்து வருடத் தண்டனை உறுதி."

அரசு வக்கீலம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள், சளி பிடித்தவள் போல.

"கால் மணி ஆகப்போகுது! தைங்க, தைங்க!" மூணுவிரல் பதறினார். பைண்டர் அதே இடத்தில் நின்றபடி கட்டைத் தைத்தார். அவசரத்தில் மூணுவிரல் ஒன்றைக் கவனிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் பைண்டர் ஒரு பட்டைக் காகிதத்தை ஒட்டி, அந்தப் பட்டையில்தான் நூலைக் கோத்தார். இனி அந்தக் கட்டை எவர் திறந்தாலும், அந்த நாலு வரி வெளியே தெரியும். தலையைச் சாய்க்கத்தான் வேண்டும்.

*

வெளியே வந்ததும் மருமகளுக்குப் போன் செய்தார். "தள்ளுபடி ஆயிடுச்சும்மா."

"சரி மாமா. அத்தை எப்படி இருக்காங்க?" என்றாள்.

அத்தை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். டப்பாவைத் திறக்கவே இல்லை. பஸ் வந்தது. இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். ஐந்து நிறுத்தம் தாண்டியது.

"அவ வாயே திறக்கலைன்னு தம்பி சத்தியம் பண்ணினான்" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "கம்பிக்குள்ள கையை விட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பண்ணினான்."

பைண்டர் டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் எங்கிட்டப் பொய் சொல்லிட்டான். சரி. அதை நான் எப்படியாவது முழுங்கிக்கறேன்." திரும்பினாள். கண் சிவந்திருந்தது. சண்டைக்கு நிற்கும் பார்வை இல்லை அது. புரியாமல் கேட்கும் பார்வை. "ஆனா இது மட்டும் இன்னும் எனக்கு விளங்கலைங்க. அவ கூப்பிட்டிருக்கா. கீழ நீங்க இருந்திருக்கீங்க. அந்தக் காதுக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?"

நாலு வருடமாகச் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மெஷின் ஓடிச்சு.

"மெஷின் ஓடிச்சு" என்றார் பைண்டர். "ஆனா..."

பஸ்ஸில் அவரை இறங்கச் சொல்ல யாருமில்லை.

"ஆனா நின்னுச்சு. மாமான்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான்தான் மெஷினை நிறுத்தினேன். நிறுத்திட்டு மேல பாத்தேன். நூல் கண்டு கேக்கறா போல, வேணும்னா மறுபடி கூப்பிடுவான்னு நெனச்சேன். வெட்ட வேண்டிய அட்டை இன்னும் நூறு மிச்சம் இருந்துச்சு. திரும்பப் போட்டுட்டேன்."

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"இத்தனை நாளா அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன். இன்னைக்கு அந்த ஓரத்துல பாத்தேன். படிக்க விடலையே, அந்த மூணு வரி. மெஷின் நின்னதை அவளும் கேட்டிருக்கா. 'மாமா என்று கூப்பிட்டேன். மெஷின் நின்றது. வருவார் என்று காத்திருந்தேன். மறுபடி ஓட ஆரம்பித்தது.' அவ்வளவுதான் எழுதியிருக்கு."